இன்னொருவன் அட்டையில் ஒரு சீசன்

எனக்கு வார விடுமுறை செவ்வாய்க்கிழமை. தி. நகரில் பாத்திரக்கடையில் வேலை பார்ப்பவன் ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்க முடியாது. ஊர் மொத்தமும் அன்றைக்குத்தான் குக்கர் வாங்க வரும். மூன்றாவது மாடி எவர்சில்வர் பிரிவில் இருந்த எங்களுக்கு ஆளுக்கொரு கிழமை என்று சூப்பர்வைசர் பங்கு போட்டுக் கொடுத்திருந்தார். கடைக்குப் பின்சந்தில் ஆட்கள் தங்கும் மாடி, ஒரே அறையில் பன்னிரண்டு பேர். என்னோடு சாப்பிட்டு, என்னோடு தூங்கி, என் சோப்பை எடுத்துக் குளித்த மற்ற பதினோரு பேரில் ஒருவனுக்குக்கூடச் செவ்வாய் விழவில்லை.

செவ்வாய் காலை அவர்கள் இறங்கிப் போனதும் அறையில் நானும் கொடியில் காயும் அவர்கள் துணிகளும் மட்டும் இருப்போம். இப்படி இரண்டு வருடம். சினிமாவுக்குத் தனியாகப் போய்ப் பார்த்தேன். சிரிப்பு வந்தால் பக்கத்து ஆளைத் திரும்பிப் பார்க்கிற பழக்கம் எனக்கு. பக்கத்து ஆள் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அதோடு விட்டேன். கடையில் என் பெயரில் ஏற்கெனவே இரண்டு பேர் இருந்ததால் என்னை ஊர்ப் பெயரைச் சொல்லி, அதையும் பாதியாக்கிக் கூப்பிட்டார்கள். வீட்டில் வைத்த பெயரை மாதம் ஒரு தடவை எஸ்.டி.டி. பூத்தில் அம்மா வாயால் கேட்டால் உண்டு. அந்த வயதில் இதையெல்லாம் தனிமை என்று சொல்லிக்கொள்ளக் கூச்சம். போரடிக்கிறது என்று சொல்லிக்கொண்டேன்.

செவ்வாய் மதியம் பனகல் பார்க்கில் பஸ் ஏறி மந்தைவெளியில் இறங்குவேன். அங்கிருந்து பட்டினப்பாக்கம் வரை நடை. கடலைப் பார்க்கப் போனேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். திருச்செந்தூர்ப் பக்கம் பிறந்தவனுக்குக் கடலில் புதிதாகப் பார்க்க என்ன இருக்கிறது? குடியிருப்புகளுக்குப் பின்னால் ஒரு மைதானம் இருந்தது. அங்கே சாயங்காலம் ஒரு கூட்டம் கால்பந்து ஆடும். அதைப் பார்க்கத்தான் போனேன். பள்ளிக்கூடத்திலும் அப்புறம் ஊர் அணியிலும் நானும் ஆடியவன்.

இடது ஓரத்தில் தடுத்து ஆடும் லெஃப்ட் பேக் இடத்தில் வலது கால்காரன் ஒருவனை நிறுத்தியிருந்தார்கள். பந்து வரும்போதெல்லாம் அவன் உடம்பைத் திருப்பி அதை வலது காலுக்குக் கொண்டுவருவான். அதற்குள் எதிராளி தாண்டிப் போய்விடுவான். மூன்றாவது தடவை நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பிறத்தியார் தப்புப் பண்ணினால் எனக்குப் பொறுக்காது. சொந்தத் தப்பு என்றால் எவ்வளவு நாள் வேண்டுமானாலும் பொறுப்பேன்.

ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஒருவர் என்னை நோக்கி வந்தார். முப்பது வயது இருக்கும், நகக்கண்ணெல்லாம் கிரீஸ். ராயப்பேட்டையில் கார் மெக்கானிக் என்பதும் அவர்தான் கேப்டன் என்பதும் பிறகு தெரிந்தது.

"இன்னா நைனா, இங்க கூத்தா நடக்குது? சிரிச்சுக்கினு நிக்கிற?"

"இல்லண்ணே. லெஃப்ட் பேக்குக்கு லெஃப்ட் கால் வேணும்."

"உனுக்கு கீதா?"

"இருக்கு."

"அப்போ செருப்ப கயட்டு. வா."

அன்றைக்கு இருட்டும்வரை ஆடினேன். திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன், ஏன் என்று தெரியவில்லை. அறையில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதில் பாதி போய்விடும் என்று பயம்.

அவர்களுடைய கால்பந்துக் கழகத்துக்கு அப்போது மூன்று வயது. அதன் பிறப்புக் கதையை டீக்கடையில் ஆளாளுக்கு ஒரு விதமாகச் சொன்னார்கள். பொதுவாக இருந்ததை மட்டும் எழுதுகிறேன். கேப்டனும் இன்னும் ஆறு பேரும் சாந்தோம் பக்கத்துப் பழைய கழகம் ஒன்றில் இரண்டு வருடம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஆட வாய்ப்புக் கிடையாது, மேட்ச் நாளில் கோல் வலையைத் தூக்கிக்கொண்டு வருவது மட்டும் அவர்கள் வேலை. ஒருநாள் வலையைத் தூக்கிக்கொண்டு போகும்போது ஒருவர், "நாம இன்னாத்துக்கு இத்த தூக்குறோம்?" என்று கேட்டாராம். வலையை நடுரோட்டில் வைத்துவிட்டு ஏழு பேரும் திரும்பி நடந்துவிட்டார்கள். அன்று அந்தக் கழகம் வலை இல்லாமல் ஆடியதாகவும், பந்து கோலுக்குள் போனதா வெளியே போனதா என்று அடிதடி ஆனதாகவும் சொல்வார்கள். இந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள், நானும் அங்கே இருந்தவன் போலச் சிரிப்பேன்.

சொந்தக் கழகம் என்று முடிவானதும் ஜெர்சி தேடினார்கள். ஏதோ ஒரு கம்பெனி தன் அணிக்கென்று தைக்கச் சொல்லி, வாங்கிப் போவதற்குள் மூடிவிட்டதாம். முதுகில் நம்பரும் நெஞ்சில் மூன்று ஆங்கில எழுத்தும் போட்ட சட்டைகள் லஸ் பக்கத்தில் ஒரு தையல்காரரிடம் தூங்கிக்கொண்டிருந்தன. எழுத்தைப் பிரித்தால் துணி கிழியும் என்று அவர் சொல்லிவிட்டார். எனவே அந்த மூன்று எழுத்துக்குப் பொருந்துகிற மாதிரி கழகத்துக்குப் பெயர் வைத்தார்கள். நடு எழுத்துக்கு ஒரு சொல் கிடைக்க ஒரு வாரம் ஆனது. கண்டுபிடித்தவர் செகரட்டரி.

செகரட்டரி மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தவர், பேங்க் குமாஸ்தா. பந்தைக் காலால் தொட்டதில்லை. சாயங்காலம் நடக்க வந்தவர், இவர்கள் லீக்கில் சேர மனு எழுதத் தெரியாமல் முழித்ததைப் பார்த்து எழுதிக் கொடுத்தார். அதிலிருந்து மனு, பாரம், கையெழுத்து எல்லாம் அவர் பாடு. ஜெர்சி மூட்டையும் அவர் வீட்டில்தான் இருந்தது. "ஆத்துல ரெண்டு பேர்தான் இருக்கோம், மூட்டை ஒரு மூலையில இருந்துட்டுப் போறது," என்பார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அந்த வருடத்துப் பதிவு முடிந்திருந்தது. லீக்கில் ஆட ஒவ்வொருவனுக்கும் போட்டோ ஒட்டிய அட்டை வேண்டும். சீசன் தொடங்குவதற்கு முன் ஒரு மாதம்தான் பதிவு நடக்கும். பதிவான லெஃப்ட் பேக், கேப்டனின் தெருக்காரன், அட்டை வந்த பத்தாவது நாள் விசா கிடைத்துச் சவூதிக்குப் போய்விட்டான். அட்டை இருந்தது, ஆள் இல்லை. என்னிடம் கால் இருந்தது, அட்டை இல்லை. கீழ் டிவிஷனில் இதற்கு ஒரு வழி எல்லோருக்கும் தெரியும்.

செகரட்டரி அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "போட்டோல மீசை மட்டும்தான் தெரியறது. மீசை வெச்சுக்கோ, போறும்." மீசை வைத்தேன். டீம் லிஸ்ட்டில் போடுவதற்காக அவன் கையெழுத்தையும் பழகினேன். கடையில் கூட்டம் இல்லாத நேரம், தட்டு சுற்றும் பழைய பேப்பரின் ஓரத்தில் எழுதி எழுதி, கடைசியில் என் கையெழுத்து அதைவிடக் கோணலாகிப் போனது.

கேப்டன் இன்னொரு சட்டமும் போட்டார். கிரவுண்டில் ஒரு பெயர், வெளியே ஒரு பெயர் என்று வைத்துக்கொண்டால் என்றைக்காவது எவனாவது மாற்றிக் கூவிவிடுவான், ரெஃப்ரி காதில் விழுந்தால் தீர்ந்தது. "அதனால இன்னிலேர்ந்து நீ அவன்தான். டீக்கடையாண்ட கூட அந்தப் பேருதான்."

"என் பேரு..." என்று ஆரம்பித்தேன்.

"சொல்லாத. தெரிஞ்சா வாய்ல வந்துடும். இந்த சீசன் இப்டி ஓட்டு மச்சி. அடுத்த சீசன் உன் பேர்லயே பதிஞ்சுடலாம். அப்போ சொல்லு."

எல்லோரும் தலையாட்டினார்கள். என் பெயரை ஒருவரும் கேட்கவில்லை, அது ஒரு ஒழுங்கு. நானும் அதை வாக்கு என்றுதான் எடுத்துக்கொண்டேன். அடுத்த சீசன் அட்டையில் என் போட்டோ, பக்கத்தில் என் பெயர். அந்த வருடம் முழுக்க நான் எழுந்தது, ஓடியது, பொய் சொன்னது எல்லாம் அதற்காகத்தான்.

விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய் ஏழரை வரை ஆடிவிட்டு ஓடிவந்து கடை திறக்கும் வரிசையில் நிற்பேன். மேட்ச் வார நாட்களில் மூன்று மணிக்கு, எழும்பூர்ப் பக்கத்து மைதானத்தில். அது செவ்வாயில் வராதபோது கிழமையை மாற்றிக் கேட்க வேண்டும். வடபழனி முருகனுக்கு வேண்டுதல் என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன். அவரும் எங்கள் பக்கத்துக்காரர், பக்திமான். முதல் தடவை விட்டார். இரண்டாம் தடவை, "திருநீறு கொண்டா," என்றார். அதிலிருந்து மாம்பலம் ஸ்டேஷன் வாசலில் விபூதிப் பாக்கெட் வாங்கிப் பிரித்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தேன். அவர் கண்ணை மூடிப் பூசிக்கொள்வார். "என்னல அப்படி வேண்டுதல்?" என்று கேட்டதற்கு, "பேரு எடுக்கணும் அண்ணாச்சி," என்றேன். நல்ல வேண்டுதல்தான் என்றார்.

அணியில் நான் நன்றாகவே ஆடினேன். தற்பெருமை இல்லை, என் பக்கமாக வந்து கோல் போட்டவர்கள் அந்த சீசனில் குறைவு. பந்தை நான் எடுத்தால் வெளியே நிற்பவர்கள் அந்தப் பெயரைச் சொல்லிக் கூவுவார்கள். முதலில் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்றிருந்தது. மூன்று மாதத்தில் தலை தானாகத் திரும்ப ஆரம்பித்தது. ஒருநாள் ரங்கநாதன் தெருவில் யாரோ யாரையோ அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட, நான் நின்றுவிட்டேன். அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

ஒரு மேட்சுக்கு அந்த அட்டைக்காரனின் அம்மா வந்தாள். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்பவள். கேப்டன் அழைத்து வந்திருந்தார். ஆட்டம் அவளுக்குப் புரியவில்லை, கோட்டுக்கு வெளியே சம்மணம் போட்டு உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். என் பக்கம் பந்து வந்து எல்லோரும் மகன் பெயரைக் கூவும்போது மட்டும் மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்ப்பாள். ஆட்டம் முடிந்து, கொண்டுவந்த வறுத்த மீனை எனக்குத்தான் முதலில் கொடுத்தாள்.

"அவன் போய் எட்டு மாசம் ஆவுது. வூட்ல அவன் பேர கூப்புட ஆளில்ல. இங்க இத்தினி பேரு கூவுறாங்கோ. கேக்க நல்லா கீதுப்பா," என்றாள்.

நான் மீனைத் தின்றேன். முள்ளை எங்கே துப்புவது என்று பார்த்துக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது. அவளுக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும். எனக்கும் கேட்க ஆசையாக ஒரு பெயர் இருக்கிறது என்று அப்போது நினைத்தேன். ஒரு தாயிடம் போய்ப் பொறாமைப்பட்ட கேவலம் எனக்குப் புரிந்துதான் இருந்தது, ஆனாலும் பட்டேன்.

சீசன் முடிய ஒரு மேட்ச் இருந்தபோது நாங்கள் இரண்டாம் இடத்தில் இருந்தோம். கடைசி மேட்சை டிரா செய்தால் போதும், மேல் டிவிஷன். வலையை ரோட்டில் வைத்துவிட்டு வந்த ஏழு பேருக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பழைய கழகம் மேல் டிவிஷனில்தான் ஆடிக்கொண்டிருந்தது. கேப்டன் அந்த வாரம் முழுக்க வேலைக்குப் போகவில்லை.

அதே வாரம்தான் அவன் சவூதியிலிருந்து திரும்பி வருவதாகக் கடிதம் வந்தது.

மேட்சுக்கு முந்தின செவ்வாய் ஜெர்சி மூட்டையை எடுக்கச் செகரட்டரி வீட்டுக்குப் போனேன். அவர் கோடு போட்ட நோட்டில் அடுத்த வருடப் பதிவுக்குப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார். மாமி காபி கொடுத்தார். நான் தலைகீழாகவே அந்தப் பட்டியலைப் படித்தேன். இரண்டு தடவை படித்தேன். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்.

"சார், என் பேரு போட்டுட்டீங்களா?"

"போடாம இருப்பேனா? இதோ இருக்கே."

விரலை வைத்துக் காட்டினார். அவன் பெயர்.

"அது நான் இல்ல சார்."

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சிரித்தார். கள்ளமில்லாத சிரிப்பு, அதுதான் தாங்கவில்லை. "வாஸ்தவம். கூப்பிட்டுக் கூப்பிட்டு அப்படியே ஆயிடுத்து பாரு. அவனும் வரான் வேற. கேப்டன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுண்டு எழுதிடறேன்."

நானே மறுநாள் காலை பிராக்டிஸில் கேப்டனிடம் கேட்டேன். அவர் பந்துக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். "அவன் வரட்டும் மச்சி. அப்பால பேசிக்கலாம்." அப்புறம் பேசலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். சரக்கு இல்லாதபோது கடையில் நாங்களும் அதையேதான் சொல்வோம். கோபம் வந்தது. வாய்க்கால் வெட்டியவன் நான், தண்ணீர் இன்னொருவன் வயலுக்கா என்று பஸ்ஸில் நின்றுகொண்டு மனசுக்குள் சண்டை போட்டேன். யாரோடு போடுவது? எல்லோரும் என்னிடம் நன்றாகத்தான் இருந்தார்கள். அவர்களுக்கு லெஃப்ட் பேக் ஒருவன் வேண்டியிருந்தது, நான் போனாலும் ஒருவன் இருப்பான், அவ்வளவுதான்.

கடைசி மேட்ச். முதல் பாதியில் அவர்கள் ஒன்று போட்டார்கள், இடைவேளைக்குப் பிறகு நாங்கள் ஒன்று போட்டோம். ஒன்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தினோம். முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது அவர்களுடைய வேகமான ஆள் ஒருவன் என் பக்கமாக ஓடிவந்தான். விட்டால் கோல். காலை நீட்டி வெட்டினேன். அவன் விழுந்தான். கோட்டுக்கு வெளியே, அவர்கள் பெஞ்சுக்கு நேர் எதிரே.

ரெஃப்ரி ஓடிவந்து மஞ்சள் அட்டை காட்டினார். அந்த சீசனில் எனக்கு அதுதான் முதல் அட்டை. சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டையும் பென்சிலையும் எடுத்தார். வயதானவர், மூச்சு வாங்கியது. முதுகு நம்பரைப் பார்த்து எழுதிக்கொண்டார். பிறகு தணிந்த குரலில், "பேர் என்னப்பா?" என்றார். பென்சிலை நோட்டில் வைத்துக் காத்துக்கொண்டு நின்றார். மெட்ராஸ் வந்த இத்தனை காலத்தில் எழுதிக்கொள்வதற்காக என் பெயரைக் கேட்டவர் அவர்தான்.

என் பெயரை இனிஷியலோடு சொன்னேன்.

அவர் அதைத் திருப்பி ஒரு தடவை சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினார். எழுதி முடித்து ஓடினார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த எதிரணி மேனேஜர் மடியிலிருந்த எங்கள் லிஸ்ட்டை எடுத்து விரலை மேலிருந்து கீழே ஓட்டினார். கீழே வந்ததும் மறுபடி மேலிருந்து ஓட்டினார். எனக்கு அது தெரிந்தது. விசில் ஊதும்வரை மிச்ச நிமிடங்களை நான் எப்படி ஆடினேன் என்று தெரியாது.

விசில் ஊதியதும் எல்லோரும் என் மேல் விழுந்தார்கள். கேப்டன் அழுதார். என்னைத் தூக்கி, அந்தப் பெயரைச் சொல்லிக் கூவினார்கள். கால் மணி நேரம் அவர்கள் மேல் டிவிஷனில் இருந்தார்கள். அவ்வளவு நேரமும், எங்களில் அது இல்லை என்று தெரிந்த ஒரே ஆளாக நான் அவர்கள் தோளில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கால் மணி நேரத்தைப் போல நான் எப்போதும் தனியாக இருந்ததில்லை. பிறகு லீக் ஆள் ஒருவர் வந்து செகரட்டரியைக் கூப்பிட்டார்.

மேட்ச் எதிரணிக்குப் போனது. நாங்கள் இருந்த டிவிஷனிலேயே இருக்க வேண்டும் என்றார்கள். அட்டையை ஆளுக்கு ஆள் மாற்றியதற்காக அவனுக்கு ஒரு வருடத் தடை. சவூதியில் இருந்தவனுக்கு, இங்கே நடந்தது எதுவும் தெரியாதவனுக்கு. பதிவிலேயே இல்லாத எனக்குத் தடை போட அவர்களுக்கு வழியில்லை.

அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒருவரும் அடிக்கவில்லை. எழும்பூர் ஸ்டேஷன் வரை நடந்தோம். பிளாட்பாரத்தில் கேப்டன் என் கழுத்தில் கை போட்டார். "வுடு மச்சி. டென்சன்ல வாய் தவறிச்சு. எனுக்கே தவறியிருக்கும்." அப்போதும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். மாம்பலத்தில் நான் இறங்கினேன். வண்டி நகரும்போது அவர்கள் கையசைத்தார்கள். அதற்கப்புறம் நான் மந்தைவெளி பஸ் ஏறவில்லை.

செவ்வாய்க்கிழமைகள் திரும்பி வந்தன. துணிகளும் கொடியும். சூப்பர்வைசர் ஒருநாள், "வேண்டுதல் பலிச்சிட்டா?" என்று கேட்டார். பலிச்சிட்டு அண்ணாச்சி என்றேன். முருகன் கைவிட மாட்டான் என்று அவர் சந்தோஷப்பட்டார்.

இரண்டு மாதம் கழித்து, ஆடிக் கழிவுக்கு முன் கூட்டம் இல்லாத ஒரு மத்தியானம், செகரட்டரி கடை மாடி ஏறி வந்தார். பேங்கிலிருந்து அப்படியே வந்திருந்தார், கையில் சாப்பாட்டுப் பை. அடுக்கி வைத்த டப்பாக்களுக்கு நடுவே என்னைத் தேடிக் கண்டுபிடித்து, பையிலிருந்து ஒரு பாரத்தை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் விரித்தார். பதிவுப் பாரம். போட்டோ ஒட்டும் கட்டம் காலியாக இருந்தது. பெயர் என்ற இடத்தில் அவருடைய உருண்டை எழுத்தில் என் பெயர், இனிஷியலோடு.

"என் பேரு எப்படித் தெரியும் சார்?"

"ரெஃப்ரி ரிப்போர்ட்டை லீக்ல நகல் குடுத்தாளே. அதைப் பார்த்துண்டுதான் எழுதினேன்." கொஞ்சம் வெட்கப்பட்டவர் மாதிரி சிரித்தார். "அவனுக்குத் தடை ஆயிடுத்து. லெஃப்ட் பேக் ஆள் வேணும். எல்லாரும் உன்னைத்தான் கூட்டிண்டு வரச் சொல்றா. சவூதிலேர்ந்து வந்தவன் ஒண்ணும் மனசுல வெச்சுக்கலை. விதின்னுட்டான். இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒண்ணு."

பேனாவைத் திறந்து கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். நான் கேட்டது முழுசாக என் முன்னால் இருந்தது. என் கையெழுத்து எப்படித் தொடங்கும் என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டியிருந்தது. அந்த ஒரு நிமிடத்தில் மீன்காரியின் முகமும், பிளாட்பாரத்தில் என் கழுத்தில் விழுந்த கிரீஸ் கையும் ஞாபகத்துக்கு வந்தன. இந்தக் கட்டம் எனக்காகத் தானாகக் காலியாகவில்லை, நான் காலி செய்தது. கையெழுத்துப் போட்டால் இனி ஒவ்வொரு மேட்சிலும் என் பெயரைச் சொல்லிக் கூவுவார்கள். நான் திரும்பிப் பார்த்தாக வேண்டும்.

"வாய் தவறலை சார்," என்றேன். "தெரிஞ்சேதான் சொன்னேன்."

அவர் முதலில் என்னைப் பார்க்கவில்லை, பாரத்தைப் பார்த்தார். கீழே இரண்டாவது மாடியில் யாரோ பித்தளைக் குடத்தைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"இதை இப்போ ஏன் சொல்றே? சொல்லாமயே போட்டிருக்கலாமே."

"போட முடியலை சார்."

"நாலு வருஷப் பாடுடா அவாளுக்கு."

அவர் என் கையிலிருந்து பேனாவை எடுத்து மூடிச் சட்டையில் செருகிக்கொண்டார். பாரத்தை நாலாக மடித்தார்.

"அவாகிட்ட நான் சொல்லப்போறதில்லை. நான் மட்டும் தெரிஞ்சுண்டு உன்னைக் கூட்டிண்டு போய் அவா நடுவுல நிறுத்தறதுக்கும் எனக்கு மனசு வரலை."

"சரி சார்."

பையை எடுத்துக்கொண்டு நடந்தார். படிக்கட்டில் இரண்டு படி இறங்கியவர் நின்று, திரும்பி, என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பாரத்தில் எழுதியிருந்த அதே மாதிரி, இனிஷியல் மட்டும் இல்லாமல். கழகத்து ஆள் ஒருவர் என்னை அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"என்ன சார்?" என்றேன்.

"ஒண்ணுமில்லை. வரேன்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.